இடையில் எழுந்த பாட்டு

“இன்னைக்குக் காணிக்கைக்கு ரெண்டு பாட்டு பாடுனாங்களே, நல்லாத்தான் இருந்துச்சு!”

பூசை முடிந்து தேவாலயப் படியிறங்கிய ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பீடத்தின் பின்னறையில் இருந்த தொபியாசின் காதில் அது ஜன்னல் வழியாக விழுந்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

தொபியாஸ் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பிரசவத்தில் பிழைத்து வந்த நன்றிக்காக, ஒரு வருடம் கோயில்பிள்ளையாக இருந்து பூசைக்கான வேலைகளைச் செய்வதாக நேர்ந்துகொண்டார். மெழுகுதிரி ஏற்றுவது, பூசை உடுப்பு விரித்து வைப்பது, அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைப்பது எல்லாம், பல வருடமாக அந்த வேலையைச் செய்துவரும் சலேத்திடம்தான் கற்றுக்கொண்டார். அவரைவிட இருபது வயது இளையவள் அவள்.

இன்றுதான் முதன்முறையாகத் தனியாகச் செய்தார்.

காணிக்கைப் பாட்டு முடிந்தது. சாமியார் திராட்சை ரசக் குப்பியை எடுத்தார். காலி. கோயில் முழுக்க அமைதி. அதை நிரப்ப மறந்தது தொபியாசுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி இன்னொரு பாட்டைத் தொடங்கினாள். கூட்டம் சேர்ந்துகொண்டது. மூன்று சரணம். அதற்குள் அவர் ஓடிப்போய்க் குப்பியை நிரப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது சலேத் பின்னறைக்குள் வந்தாள்.

“சலேத்தம்மா, நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாருங்க. நன்றி சொல்ல வந்துட்டு மானத்தை வாங்கிட்டேன்.”

“யாரு மானத்தை?”

“சாமியார் மானத்தை.”

“அவரு கண்ணாடியைத் தொடச்சிக்கிட்டு, கூடவே பாடிக்கிட்டு நின்னாரு.”

தொபியாஸ் கைகூப்பினார். “நீங்க மட்டும் அந்தப் பாட்டை எடுக்கலைன்னா…”

“நானா? நான் பாடுனா கூரையில இருக்கிற புறாவெல்லாம் ஊரை விட்டுப் போயிரும் அண்ணாச்சி.”

“அப்போ யாரு?”

“தெரியலை. நடுவுல எங்கேயோ இருந்து வந்துச்சு.”

“கேட்டுப் பாக்கலாமா?”

“சொல்ல மாட்டாங்க. ஒரு திருநாள்ல நான் அப்பம் வைக்க மறந்துட்டேன். எனக்கும் யாரோ இப்படித்தான் பாடுனாங்க. பதினோரு வருஷமாச்சு. இன்னும் தெரியாது.”

“அப்போ நன்றியை யாருகிட்ட சொன்னீங்க?”

சலேத் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

“அதுலேர்ந்து வாராவாரம் பெஞ்சு தொடைக்கிறேன்.”

“எந்தப் பெஞ்சை?”

“எல்லாத்தையும்தான். அவங்க எதுல உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியாதே.”

தொபியாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டார். அவளிடமிருந்து துணியை வாங்கி, நனைத்துப் பிழிந்து, பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.