பந்தல்காரர்களுக்கு மேஸ்திரி கிடைத்த கதை

வேலாத்தாள் அக்காவிடம் பந்தல் போட நாலு ஆட்கள் இருந்தார்கள். செங்கோடன், நஞ்சப்பன், குப்பண்ணன், மாரப்பன். நாலு பேரும் நல்லவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொல்லை.

ஒருமுறை அக்கா குப்பண்ணனிடம், "கயித்தைப் பிடிச்சுக்கோ, விட்டுராதே" என்று சொல்லிவிட்டு மறந்துபோனாள். அவன் கயிற்றைப் பிடித்தபடியே வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். கயிற்றின் மறுமுனையில் கட்டியிருந்த மூங்கில் ஊர்த்தெருவெல்லாம் இழுபட்டு அவன் வீட்டுக் கதவில் வந்து சிக்கிக்கொண்டது.

இவர்களோடு மாரடித்த பழைய மேஸ்திரி, ஒருநாள் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மகன் வீட்டுக்கே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் தங்கைக்கு ஈரோட்டில் பிரசவம். மறுநாள் காலையில் பொன்னுசாமி வீட்டில் கல்யாணம். பந்தல் நிற்காவிட்டால் அக்காவின் தொழிலும் நிற்காது.

அக்கா அப்போதுதான் டவுனில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தாள். அந்தச் சூட்டோடு நாலு பேரையும் கூப்பிட்டாள்.

"உங்க ஒவ்வொருத்தனுக்குள்ளயும் ஒரு தலைவன் இருக்கான். ஒருத்தன் முன்னால நின்னு நடத்துவான். ஒருத்தன் பின்னால இருந்து தள்ளுவான். ஒருத்தன் நாலு பேரைக் கேட்டு முடிவு பண்ணுவான். வேலை செய்யறப்ப உங்களை நீங்களே கவனிங்க. யாரு எந்த மாதிரின்னு நாளைக்குச் சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சு வையுங்க. சரியான ஆளை மேஸ்திரி ஆக்கிடறேன்."

மாரப்பன் சட்டையை விலக்கி உள்ளே பார்த்தான். "அக்கா, எனக்குள்ள யாரும் இருக்கற மாதிரி தெரியலீங்களே?"

"தூங்கிட்டிருப்பான். எழுப்பு" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினாள்.

பொழுது விடிந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. முன்னால் நிற்பவன் நானே என்று செங்கோடன் சொல்லிவிட்டான். யார் எங்கே போனாலும் ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் நின்றான். மூங்கில் தூக்கி வந்தவர்கள் அவன்மேல் முட்டினார்கள். நஞ்சப்பன் பின்னால் இருந்து தள்ளுகிறவன். குழி தோண்டக் குனிந்தவனையெல்லாம் தள்ளினான். மாரப்பன் தன் வயிற்றில் ஓங்கி அடித்து, "எழுந்திருடா, விடிஞ்சுருச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தான். சத்தம் போதவில்லை என்று கடுங்காப்பி வாங்கி உள்ளே ஊற்றினான்.

குப்பண்ணன் ஒவ்வொரு பந்தல்காலுக்கும் நாலு பேரைக் கேட்டான். மூன்று மூலைக்கு ஆள் கிடைத்தது. கடைசி மூலையில் மூன்று பேர்தான் நின்றார்கள். குப்பண்ணன் அங்கே கட்டியிருந்த எருமையிடம் போனான்.

"ஏனுங்க, இங்க கால் நடலாமுங்களா?"

எருமை ஈயை விரட்டத் தலையை ஆட்டியது.

"வேண்டாங்குது" என்றான் குப்பண்ணன். அந்த மூலையில் கால் நடவில்லை.

மூன்று காலில் பந்தல் ஒருமாதிரி நின்றது. துணியைக் கட்டச் செங்கோடன் ஏணியில் ஏறினான். தள்ளுகிறவன் கீழே சும்மா இருப்பானா? தள்ளினான். ஏணி சாய்ந்தது, செங்கோடன் பந்தல்காலைப் பிடித்தான், கால் பந்தலையே இழுத்துக்கொண்டு சாய்ந்தது. மணமேடை தயாராகிவிட்டதா என்று பார்க்க வந்த பொன்னுசாமியின் மேல் எல்லாம் சேர்ந்து விழுந்தது.

துணிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "அட பாவிகளா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க. மூங்கிலெல்லாம் முறிஞ்சு கிடக்குது. துணியில ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சுட்டு நில்லுங்கடா!"

நின்றார்கள். உண்மையைச் சொன்னால், பந்தல் அழகாகவே இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அடியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தினகரன் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவர். மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் கண் சொக்கிப்போயிருந்தார். மேளம் முழங்கியது. ஐயர் மந்திரத்தை ஆரம்பித்தார். அப்போது சூரியன் கொஞ்சம் ஏறி, பெண்ணின் முகத்தில் வெயில் அடித்தது.

"வெயில் படாத இடமாப் பார்த்து நகருங்கப்பா" என்றார் பொன்னுசாமி.

அவ்வளவுதான். செங்கோடன் முன்னால் நடந்தான். நஞ்சப்பன் பின்னால் தள்ளினான். பந்தல் கிளம்பிவிட்டது. நிழலோடு பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நடந்தார்கள். ஐயர் ஹோமச் சட்டியைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். மேளக்காரர்கள் ஊர்வலம் என்று நினைத்து நடைக்கேற்ற மாதிரி வாசித்தார்கள்.

வழியில் ஒரு தென்னந்தோப்பு வந்தது. "இங்கயே நில்லுங்கடா, நல்ல நிழல்!" என்று பொன்னுசாமி மூச்சு வாங்கினார்.

நஞ்சப்பன் அண்ணாந்து பார்த்தான். "கீத்து சந்துல வெயில் பொட்டுப் பொட்டா விழுதுங்களே."

"படாத இடம்னுதானே சொன்னீங்க?" என்றான் செங்கோடன், திரும்பிப் பார்க்காமல்.

முகூர்த்தம் தவறப் போகிறது என்று ஐயர் அலற, வாய்க்கால் பாலத்தின்மேல் நடந்துகொண்டே தினகரன் தாலி கட்டினார். அட்சதையில் பாதி மீனுக்குப் போயிற்று. பந்தல் நிற்கவில்லை.

சாயங்காலம் வேலாத்தாள் அக்கா வந்த பஸ் திடீரென்று பிரேக் போட்டது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய பந்தல் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. இறங்கி ஓடினாள். அந்த நிமிஷம் சூரியன் மறைந்தது. நாலு பேரும் சட்டென்று நின்றார்கள்.

"வெயில் படாத இடம் வந்துருச்சுங்க" என்றான் செங்கோடன்.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். "இதுல யாருடா தலைவன்?" என்றாள் அழாத குறையாக.

நாலு பேரும் கூடிப் பேசினார்கள்.

"முன்னால போனது நானு. ஆனா எங்க போறோம்னு எனக்கே தெரியல" என்றான் செங்கோடன்.

"தள்ளினது நானு. எனக்கும் தெரியல."

"ஒருத்தரு மட்டும் ஒரு மூலையையும் பிடிக்கல, ஒரு வேலையும் செய்யல" என்றான் மாரப்பன் மெதுவாக. "கழுத்துல மாலை வேற. எல்லாரும் அவரைச் சுத்தித்தான் வந்தோம்."

நாலு விரல்களும் மாப்பிள்ளையைக் காட்டின. தினகரன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தினகரன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தார். வாசலில் நாலு பேரும் கைகட்டி நின்றார்கள்.

"மேஸ்திரி, இன்னிக்கு என்ன வேலைங்க?"

"வேலையாவது ஒண்ணாவது! போய்ப் படுங்கய்யா!" என்று கதவைச் சாத்தினார்.

நாலு பேரும் வாசல்படியிலேயே வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மறுபடி தட்டப்பட்டது. தினகரன் திறந்தார். குப்பண்ணன் படுத்தபடியே கேட்டான்:

"மேஸ்திரி, குப்புறவா, மல்லாக்கவாங்க?"