கிழிசலின் மேல் நட்சத்திரம்

ஜெர்மன் நாஜிப் படை பிடித்திருந்த ஒரு நகரத்தில் நஃப்தாலி என்றொரு ரபி இருந்தார். யூதர்களுக்கு ரபிதான் குரு. அவருடைய சீடர் எஃப்ரயிம் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்த வாரம் ஓர் உத்தரவு வந்தது. யூதர்கள் எல்லோரும் இடப்பக்க மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று கொடுத்தார்கள். ரொட்டி கொடுக்க மூக்கால் அழுதவர்கள் இதில் மட்டும் தாராளம் காட்டினார்கள்.

எஃப்ரயிம் வந்தபோது அவருடைய கோட்டில் நட்சத்திரம் இரண்டு குண்டூசியில் தொங்கியது.

"தைக்கவில்லையா? சிப்பாய்கள் நட்சத்திரத்தின் ஓரத்தில் பென்சில் முனையை விட்டுப் பார்க்கிறார்களாம். நுழைந்தால் வதைமுகாமுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றார் ரபி.

"தெரியும். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன்."

எஃப்ரயிம் நட்சத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். குளிர்காலத்தில் அவருடைய அப்பா இறந்தபோது கிழித்தது. பெற்றோர் இறந்தால் யூதர்கள் இதயத்துக்கு நேரே உடுப்பைக் கிழித்துக்கொள்வார்கள். அதை ஆயுசுக்கும் ஒழுங்காகத் தைத்து மூடக் கூடாது.

"தைத்தால் அப்பாவுக்குத் துரோகம். தைக்காவிட்டால் என் மனைவி தனியாகிவிடுவாள். நான் என்ன செய்யட்டும், ரபி?"

"வேறு கோட்டு இல்லையா?"

"உருளைக்கிழங்குக்குக் கொடுத்தாயிற்று."

"கழற்றுங்கள்."

ரபி ஊசியில் நூல் கோத்தார். ஓரம் ஓரமாக, நெருக்கி நெருக்கித் தைத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை குத்திக்கொண்டார். எஃப்ரயிமுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவை மறுபடி புதைப்பதுபோல் இருந்தது.

"அவர்கள் உத்தரவுக்கு இவ்வளவு சிரத்தையா?"

"நீங்கள் இன்று வீடு போய்ச் சேர வேண்டுமே."

ரபி நூலை வெட்டினார். பென்சிலால் ஓரமெல்லாம் நெம்பிப் பார்த்தார். முனை எங்கும் நுழையவில்லை.

"உள்பக்கமாகக் கையை விடுங்கள்."

எஃப்ரயிம் விட்டார். விரல்கள் கிழிசலுக்குள் போய் நட்சத்திரத்தின் பின்பக்கத்தைத் தொட்டன. கிழிசலில் ஒரு தையல்கூட விழவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இதைப் பிரிக்கிற நாள் வருமா, ரபி?"

ரபி கத்திரிக்கோலை மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"அன்றைக்கு நான் இல்லாவிட்டாலும் கத்திரி இங்கேதான் இருக்கும். நட்சத்திரத்தை மட்டும் பிரியுங்கள். கிழிசலை விட்டுவிடுங்கள்."