அரை மீட்டர் வெயில்

செங்கமலம் என்றொரு தையல்காரி. ஊசியில் நூல் கோத்துத் தரக்கூட வீட்டில் ஆள் இல்லை. புதுக் கண்ணாடி போட்டும் ஊசிக்காது தெரியாததால், வாங்கிய கடைக்கே போனாள்.

“கண்ணாடியில குறையே இல்லை. ரெண்டு பவர்! உங்க கண்ணுதான் கெட்டுப்போச்சு,” என்றார் கடைக்காரர் தணிகாசலம்.

“ரெண்டு பவர்னா என்னங்க?”

“வெயிலை அரை மீட்டர்ல ஒரு புள்ளியா குவிக்கும். சொன்னா உங்களுக்கு விளங்காதும்மா.”

அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். வாசலில், தரையிலிருந்து அரை மீட்டர் அளந்து, உச்சி வெயிலில் கண்ணாடியைப் பிடித்தாள். புள்ளியே விழவில்லை.

“வெயிலுக்கும் கண்ணு கெட்டுப்போச்சுங்களா?”

கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் பவரே இல்லாத அந்த வெறும் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டு, சரியான வில்லையைப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் தடவையிலேயே நூலைக் கோத்தாள். நடந்ததைச் சொல்லிச் சிரிக்க யாரும் இல்லை. ஊசியிடம்தான் சொன்னாள்.