யானையின் காதில் சொன்ன விலை

பொழுது சாய்ந்தால் தன் வாலே தனக்குத் தெரியாத ஓர் இருட்டுக் காட்டில், மூஞ்சூறு ஒன்று வடைக்கடை வைத்திருந்தது. கவலைப்படுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. எண்ணெய் காய்ந்தாலும் கவலை, காயாவிட்டாலும் கவலை.

அந்தக் காட்டில் வெளிச்சம் விற்பது நரி. சுரைக்குடுக்கையில் மின்மினிகளை அடைத்து, வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை தொங்கவிடும். கூலியாக நாவற்பழம் வாங்கிக்கொள்ளும்.

ஒருநாள் திடீரென்று எல்லாருக்கும் கூலியை இரட்டிப்பாக்கியது.

"அவ்வளவு பழத்துக்கு நான் எங்கே போவேன்? கடையை மூட வேண்டியதுதான்!" என்று மூஞ்சூறு புலம்பியது.

"மூடேன். இல்லாவிட்டால் இருட்டில் சுட்டுப் பார்," என்று நரி குடுக்கையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது.

மூஞ்சூறு சுட்டுப் பார்த்தது. வடையின் ஓட்டை நடுவை விட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. தையற்கடை முள்ளம்பன்றி ஒரு வடையைக் கடித்து, "அக்கா, இது வடையா, கூழாங்கல்லா?" என்றது.

"கல்லாகத்தான் இருக்கும். ஐயோ, பல் போச்சா?"

"பல் கிடக்கட்டும் அக்கா! யானையின் சட்டையை இருட்டில் என் முதுகு முள்ளோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். கழற்ற வரவில்லை!"

மூஞ்சூறு ஆற்றங்கரைக்கு ஓடியது. அக்கரையில் மின்மினி வளர்க்கும் ஆமையைக் கூவி அழைத்துக் கெஞ்சியது.

"ஒரு வடைக்கடைக்காக நான் ஆறு நீந்த முடியுமா, தாயி?" என்றது ஆமை. "உங்கள் கரை முழுவதும் சேர்ந்து வந்து கேளுங்கள். பாதிக் கூலிக்கே தருகிறேன். கூட்டம் குறைந்தால் எனக்குக் கட்டாது."

மூஞ்சூறு வீடு வீடாய்ப் போய்ச் சொன்னது. எல்லா விலங்குகளும் தலையாட்டின. மறுநாள் மாலை ஆற்றங்கரையில் கூடுவதாகப் பேச்சு.

நரிக்கு மூக்கில் வேர்த்தது. மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்து மூஞ்சூற்றின் காதில் குசுகுசுத்தது. "உனக்கு மட்டும் கால் கூலி. யாரிடமும் சொல்லாதே. ஆற்றங்கரைப் பக்கம் போகாதே."

மூஞ்சூற்றுக்குப் புதுக் கவலை: போனால் கால் கூலி போச்சு. போகாவிட்டால் மற்றவர்கள் பாவம். மாலை வந்தது. அது வாணலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. என்ன விந்தையோ, ஆற்றங்கரையில் ஒரு சத்தமும் இல்லை!

அந்த நேரத்தில் நரி யானையிடம் நின்றது. யானைக்குக் காது முறம் போலத்தான்; ஆனால் மெல்லச் சொன்னால் விழாது.

"என்னப்பா முனகுகிறாய்?"

நரி புற்றின்மேல் ஏறிச் சொன்னது.

"ம்ஹூம். கேட்கவில்லை."

நரி யானையின் தலைமேலேயே ஏறி, தொண்டை கிழியக் கத்தியது. "உனக்கு மட்டும் கால் கூலி! யாரிடமும் சொல்லாதே!"

காடு முழுவதும் எதிரொலித்தது.

"அடப்பாவி! எனக்கு மட்டும் என்றாயே!" என்று வளையிலிருந்து ஒரு குரல். "எனக்கும்தான்!" என்று மரத்திலிருந்து ஒரு குரல். முள்ளம்பன்றி யானைச் சட்டையை இழுத்துக்கொண்டு புதரிலிருந்து வந்தது.

"நானும்தான் ஏமாந்தேன். கூட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி கூலியை ஏற்றத்தான் இந்தத் தந்திரம்! வாருங்கள், ஓடுவோம்!" என்று மூஞ்சூறு வாணலியைத் தாண்டிக் குதித்தது. எல்லாம் ஆற்றங்கரைக்கு ஓடின. இறங்க வழியில்லாமல் நரியும் யானைத் தலைமேல் கூடவே போனது.

ஆமையும் சொன்னபடி பாதிக் கூலிக்கே வெளிச்சம் தந்தது. இப்போது வடையின் ஓட்டை நடுவில்தான் இருக்கிறது. நரியின் மின்மினிகள் ஆமையிடம் வேலைக்குப் போய்விட்டதால், நரியின் குகைதான் இருட்டு. ஒருநாள் அது கடைக்கு வந்து மூஞ்சூற்றின் காதருகே குனிந்தது.

"அக்கா, என்னையும் உங்கள் கூட்டத்தில்..."

"சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் காதில் சொல்லாதே," என்றது மூஞ்சூறு. "போய் யானையிடம் சொல்."

நீதி: "உனக்கு மட்டும்" என்று காதில் சொல்லும் சலுகையை நம்பாதே, எல்லாரும் சேர்ந்து உரக்கக் கேட்டால்தான் நியாயமான விலை கிடைக்கும்.