நாலு விண்டோவும் ஒரு போனும்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி தவமணி அண்ணனுக்கு. இருபது வருடம் மினிபஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். கற்றுத்தந்தது ஜெனிட்டா மேடம். வயது இருபத்தேழுதான். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்.

அண்ணனுக்கு மவுஸ் என்றாலே இளக்காரம். எல்லாமே கீபோர்டுதான். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் அடுத்த விண்டோ. விண்டோஸ் கீயோடு அம்புக்குறியை அழுத்தினால் திரையில் பாதிக்குப் பாதி. கொஞ்சம் பீற்றலும் உண்டு, சொல்லக் கூடாது.

“மேடம், நாலு விண்டோவுக்கும் இதைவிட வேகமா மாற வழி இருக்கா?” என்று அன்று மதியம் கேட்டார்.

“அடுத்த கால் வரட்டும், காட்டுறேன்.” மேடம் தன் ஹெட்போனையும் அண்ணனின் லைனில் சேர்த்துக்கொண்டார்.

உடனே வந்தது.

“சார், என் சம்சாரத்துக்குப் பிரசவ வலி. வந்த ஆட்டோ நின்னுபோச்சு, டிரைவர் வேற வண்டி பாக்க ஓடிட்டாரு. ரத்தமாப் போகுது சார்!”

“எந்த இடம் தம்பி?”

அவன் ஏதோ சொன்னான். அண்ணன் மேப்பை இடப்பக்கம் தள்ளினார். வண்டிகளின் பட்டியலை வலப்பக்கம். அப்புறம் ஆஸ்பத்திரிப் பட்டியல். மறுபடி மேப்.

“எந்த இடம்னு கேட்டேன்?”

“ஐயோ, சொன்னேனே சார்! ஊர் பேரு தெரியாது, நாங்க வெளியூரு...”

டக் டக் டக். வண்டிப் பட்டியல். ஃபாரம். மேப்.

“தம்பி, இடத்தைச் சொல்லுப்பா!”

“எத்தனை தடவ சார் சொல்றது?” அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பின்னால் அந்தப் பெண் அலறியது எனக்கே கேட்டது.

மேடம் கையை நீட்டி விண்டோஸ் கீயையும் ‘டி’யையும் சேர்த்து அழுத்தினார்.

நாலு விண்டோவும் காணோம். திரையில் வெறும் நீலம்.

“மேடம்! என்ன பண்றீங்க? ரெண்டு உயிரு!”

“அவர்கிட்ட பேசுங்க அண்ணே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேடத்தை ஒரு அறை விட்டிருப்பேன். அண்ணனின் கை கீபோர்டைத் தேடியது. மேடம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அண்ணன் கண்ணை மூடினார்.

“தம்பி, அழாத. நான் லைன்லதான் இருக்கேன். சுத்தி என்ன தெரியுது?”

“அதான் சொன்னேனே சார்... ரயில்வே கேட் தாண்டி வந்தோம். ரெண்டு செங்கச்சூளை இருக்கு. எதிர்ல உடைஞ்ச தண்ணித்தொட்டி.”

“தொட்டியில நீலப் பெயிண்டா?”

“ஆமா சார், ஆமா!”

அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். “அட, ஆவாரங்காட்டு விலக்கு! நம்ம மினிபஸ் ரூட்டு!”

மேடம் கீபோர்டைத் திருப்பித் தந்தார். அதே இரண்டு கீயை அண்ணன் அழுத்த, நாலு விண்டோவும் வந்தன. ஏழு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் அண்ணன் வெடித்தார்.

“எனக்கு அந்த இடம் தெரியாமப் போயிருந்தா? அந்தப் பொண்ணு செத்திருந்தா யாரு பதில் சொல்றது? வேகமா மாத்த வழி கேட்டா, எல்லாத்தையும் மறைச்சுட்டீங்களே!”

மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“முதல் தடவையே செங்கச்சூளைன்னு சொன்னார் அண்ணே.”

“எனக்குக் கேக்கலையே! நான் விண்டோ மாத்திக்கிட்டு இருந்தேன்ல?”

“அவர் எந்த விண்டோவுல இருந்தார் அண்ணே?”