இரண்டு குண்டும் ஒரு காகிதமும்

சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கிக் குளமாகியிருந்தது. அதன் கரையில் ஒரு குடிலில் அமுதவல்லி அம்மா இருந்தார். ஒரு காலத்தில் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். இன்னும் நாற்பது வயதாகவில்லை. மன அமைதி வேண்டி அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. பக்கத்துச் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். ஞாயிறுதோறும் வருவார். கண்மூடி உட்கார்ந்திருப்பார். குழாயோ கதவோ பழுதாகியிருந்தால் சரி செய்து கொடுத்துவிட்டுப் போவார். கேள்வி என்று எதுவும் கேட்டதில்லை.

அன்று கேட்டார்.

"அம்மா, எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தினமும் சண்டை. கத்துவோம். முடிஞ்சதும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். எனக்கும் மனசுல நிக்காது, திலகவதிக்கும் நிக்காது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல."

"சரி."

"எங்க பொண்ணு பேசறத நிறுத்திட்டா."

அம்மா அவரைப் பார்த்தார்.

"நாலு மாசம் ஆச்சு. ஒன்பது வயசு. நிறைமதின்னு பேரு. டாக்டர் பார்த்துட்டுத் தொண்டையில ஒண்ணுமில்லைங்கறார். அவள நாங்க அடிச்சதில்லம்மா. ஒரு வார்த்தை திட்டினதில்ல. பிறகு ஏன்?"

"ஆலையில கல் அரைக்க இரும்புக் குண்டு போடுவீங்களே, தேஞ்சு கழிச்சது ரெண்டு கிடைக்குமா?" என்று கேட்டார் அம்மா.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி ஆலையில் கேட்டு வாங்கிய இரண்டு குண்டுகளோடு வந்தார். சாத்துக்குடி அளவுதான். ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும்.

"கைக்கு ஒண்ணா எடுத்துக்குங்க. மோதுங்க."

மோதினார். சத்தம் தண்ணீர்மேல் போய் எதிர்க்கரையில் அடித்துத் திரும்பியது.

"கன்னத்துல வச்சுப் பாருங்க."

"சில்லுன்னு இருக்கும்மா."

"கீறல்?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல."

அம்மா உள்ளே போய் ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்து வந்தார். எதிரே உட்கார்ந்து அதை நீட்டிப் பிடித்தார். "இது நடுவுல இருக்கட்டும். இப்ப மோதுங்க."

"அம்மா, விரல்!"

"தள்ளித்தான் பிடிச்சிருக்கேன்."

முப்பது வருஷம் சம்மட்டி தூக்கியவர் லேசாகத் தட்டினார். காகிதம் அப்படியே இருந்தது.

"வீட்டுல இப்படியா தட்டுவீங்க?"

மாசிலாமணியின் முகம் மாறியது. அம்மாவின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓங்கி மோதினார்.

ஏதோ கருகிய வாசனை வந்தது. அவர் திரும்பிக் குடிலுக்குள் பார்த்தார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. பிறகுதான் காகிதத்தைப் பார்த்தார். நடுவில் மிளகளவு ஓட்டை. அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம்.

அம்மா காகிதத்தைச் சற்று நகர்த்தினார். "இன்னொண்ணு."

இரண்டாவது ஓட்டை விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. நான்காவதற்கு அவர் கை எழவில்லை.

"தீயே இல்லையேம்மா."

"இல்ல."

"குண்டு ரெண்டும் சில்லுன்னுதான் இருக்கு."

"ஆமா."

"அப்ப அந்தச் சூடு பூரா..." அவர் காகிதத்தின் ஓட்டைகளைப் பார்த்தார்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அம்மா காகிதத்தை அவரிடம் நீட்டினார். வாங்க அவருக்குக் கையில்லை. இரண்டிலும் இரும்பு இருந்தது.

"முதல்ல குண்டக் கீழ வைங்க."

வைத்தார். காகிதத்தை வாங்கி, மடிக்காமல், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் திலகவதியிடம் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், அன்று ஓட்டைமேல் விரலை வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். உள்ளே குழாய் திறந்தபடியே வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி விடிந்ததும் வந்துவிட்டார்.

"ஒரு வாரமா நாங்க சண்டை போடலம்மா. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அவளுக்கும்தான். முழுங்கிட்டோம்."

"நிறைமதி?"

"பேசல." தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து அந்தக் காகிதத்த எடுத்துக் கண்ணுல வச்சு, ஓட்டை வழியா என்னையே பார்த்துட்டிருந்தா. அவ்வளவுதான். இன்னும் எத்தன நாள் ஆகும்?"

அம்மா குளத்தைப் பார்த்தபடி கேட்டார். "ஆலையில அந்தக் குண்டு போட்டு அரைக்கிற உருளைய நிறுத்தின உடனே பழுது பாக்க உள்ள இறங்கிடுவீங்களா?"

"எப்படிம்மா? குண்டும் கல்லும் மோதி மோதி உள்ள அனலாக் கிடக்கும். ஒரு நாள் ஆகும். ரெண்டு நாள்கூட ஆகும்."

"தண்ணிய ஊத்தினா?"

"ஐயோ, கூடாது. தகடு விரிசல் விட்டுடும். அது தானா ஆறணும்."

"அதுவரைக்கும்?"

"கதவக் கழட்டித் திறந்து வச்சிருவோம். ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்திருப்பார். அவர் எதையும் தொடாம, சும்மா..."

மாசிலாமணி நிறுத்திவிட்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"போங்க அண்ணா," என்றார் அம்மா. "போய்ப் பக்கத்துல உக்காருங்க."