துடைத்த இலை

சிவக்கொழுந்து மலைமடத்துக்கு வரும்போதே தலை முழுக்க நரைத்திருந்தது. குரு வடிவம்மைக்கு அவருடைய மகள் வயதுகூட இராது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

தனக்குள் தான் அல்லாததையெல்லாம் விரட்டிவிட்டால் மிஞ்சுவது தான்தான் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. வேப்பஞ்சாறு, உப்புத்தண்ணீர், பேதி மருந்து என்று ஓயாமல் குடலை அலசினார். பிறகு கஞ்சியையும் நிறுத்தினார். கண்கள் குழிக்குள் போய்விட்டன. இப்படியே விட்டால் ஆள் தேறமாட்டார் என்று மடத்தில் எல்லோரும் பயந்தார்கள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை.

“எனக்குள்ள நான் மட்டும் மிஞ்சினா, நான் யாருன்னு தெரிஞ்சிடும் இல்லையா அம்மா?”

வடிவம்மை அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். அவரைக்கொடியில் இரண்டு இலைகளில் நாற்றப்பூச்சி முட்டையிட்டிருந்தது. முட்டைகளுக்கு ஊடே பழுப்பாகப் பிசுபிசுத்த பொட்டுகள்.

“ஒரு இலையை மட்டும் சுத்தம் பண்ணுங்க ஐயா.”

அவருக்கா சொல்லித்தர வேண்டும்? ஈரத்துணி நுனியால், முட்டை நோகாமல், அத்தனை பொட்டையும் துடைத்து எடுத்தார்.

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. அழுக்கு இலையில் பிறந்தவை பொட்டுகளில் வாய்வைத்து உறிஞ்சிவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டன. சுத்தமான இலையில் பிறந்தவை படுக்கவில்லை. பொட்டு இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவின. பிறகு இலை முழுக்க அலைந்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தன. உச்சி வெயிலில் கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை. தான் துடைத்ததைத்தான் அவை தேடுகின்றன என்று புரிந்தபோது சிவக்கொழுந்துக்கு முதுகு சில்லிட்டது.

பிறகு அவையும் கொடியின் சாற்றைக் குடிக்கத்தான் செய்தன. குடிக்கக் குடிக்க வற்றின. பக்கத்து இலைக் குஞ்சுகள் கொழுத்துத் திரிய, இவை பச்சை இலைமேலேயே செத்துக் கிடந்தன.

“அந்தப் பொட்டுல என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“தாய் வயித்துல குடியிருந்தவங்க. கண்ணுக்குத் தெரியாத பொடி உயிருங்க. வெறும் சாறை உடம்பா மாத்துறது அவங்கதான். பிள்ளைக்கும் துணையா இருக்கட்டும்னு தாய் வச்சிட்டுப் போனது.”

அவர் வயிற்றுக்குள் என்னவோ புரண்டு முனகியது. வெகு நாளாகக் கேட்காத சத்தம். அவர் கூசிப்போய் வயிற்றைப் பொத்திக்கொண்டார்.

வடிவம்மை கஞ்சிக் கலயத்தை அவர் முன் வைத்தாள். கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, அதையே வெறித்துப் பார்த்தார்.

“அம்மா, இப்பக் கையை நீட்டினது நானா, அவங்களா?”

“ஆறுறதுக்குள்ள குடிங்க ஐயா,” என்றாள் வடிவம்மை. “இதைக் கேட்டது யாருன்னு அப்புறம் பார்ப்போம்.”